நீங்கள் கோரிய கோப்பு இல்லை

மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் அதே வெள்ளைத் திரை, அதே நான்கு வார்த்தை: நீங்கள் கோரிய கோப்பு இல்லை. காலையிலிருந்து இது பதினேழாவது தடவை. கோரிய என்கிற வார்த்தையைப் பார்க்கப் பார்க்க எரிகிறது, நான் யாரிடமும் எதையும் கோரவில்லை, நான் எழுதியதை எனக்குக் காட்டு என்கிறேன், அவ்வளவுதான். மணி பத்து ஐம்பது. பன்னிரண்டுக்கு லிஃப்ட் இன்ஸ்பெக்டரின் விசாரணை, உள்ளே கூப்பிடுவார்கள். மீட்டிங் ரூம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கியவனைப் போல. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் நான், இந்த லிஃப்ட் கம்பெனி இருக்கிற கட்டடத்துக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது, இரண்டு மாடி முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தேன். உள்ளே ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள் என்று ஷாகிரா சொல்லிவிட்டாள். ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண், எனக்காகப் பொய் சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. ‘பெரம்பூர் லிஃப்ட்ல பிரேக் தேஞ்சிருக்குன்னு நீங்க ஆபீசுக்குச் சொன்னீங்களா இல்லையா, அதான் அங்கிள் கேப்பாங்க.’ சொன்னேன். மே மாதம் சொன்னேன், ஜூனில் சொன்னேன், ஜூலையில் சொன்னேன். வாயால் இல்லை, மாசாந்திர ஷீட்டில், குறிப்பு என்கிற கட்டத்தில், என் பெயருக்கு நேராக எழுதினேன். அந்த ஷீட்டைக் காட்டினால் தப்பினேன். காட்டாவிட்டால் பிரேக் தேய்ந்ததைக்கூடக் கவனிக்காத எத்திராஜ் என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிடும், லைசென்ஸ் போகும், ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டும், அதெல்லாம்கூடப் பரவாயில்லை, வியாசர்பாடியில் என் தெருவில் ஒரு பொம்பளையின் இடுப்பை உடைத்தவன் என்று பெயர் ஒட்டிக்கொள்ளும். லிங்க் என் போனில் பத்திரமாக இருக்கிறது. ஷீட் இல்லை. அதெப்படி இல்லாமல் போகும்?

லிங்க்தான் காகிதம் என்று நினைத்திருந்தேன். வாட்ஸ்அப்பில் வந்தவுடன் நட்சத்திரம் போட்டு வைத்தேன், ரேஷன் கார்டை பீரோவில் துணிக்கு அடியில் வைப்பதைப் போல. யாருக்கு வந்ததோ அவனுக்குத்தானே அது சொந்தம், தபாலில் வந்த கடிதத்தை அனுப்பியவன் வந்து திருப்பி எடுத்துக்கொண்டு போவானா? நேற்று ஷாகிரா எனக்கு விளக்கினாள், குழந்தைக்குச் சொல்வதைப் போல விரலை மடக்கி மடக்கி. ‘அங்கிள், லிங்க்குங்கறது வெறும் அட்ரஸ். ஃபைல் இருந்தது தேவசகாயம் சார் அக்கவுண்ட்ல. அவர் வேலைய விட்டப்புறம் அந்த அக்கவுண்ட்ட எடுத்துட்டாங்க. அக்கவுண்ட் போனா ஃபைலும் போச்சு. ஒரு இருபது நாளுக்குள்ள சொல்லியிருந்தா மீட்டிருக்கலாம். ரெண்டு மாசம் ஆச்சே.’ தேவசகாயம். இந்தப் பெயரை இன்றைக்கு நினைக்கக் கூடாது என்றுதான் பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். எனக்கு ஏழு வருஷம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன், தெற்கே நாசரேத்துக்காரன். நானும் அவனும் ஒரே ஷாஃப்டில் கயிறு மாற்றியிருக்கிறோம், ஒரே டப்பாவில் கிரீஸ் எடுத்திருக்கிறோம். அவன் பன்னிரண்டாவது முடித்திருந்தான், நான் எட்டாவது. ஒரு நாள் அவனுக்கு நாற்காலி கொடுத்தார்கள், நாற்காலிக்கு முன்னால் கம்ப்யூட்டர், கோஆர்டினேட்டர் என்று ஒரு பெயர். எனக்கு அதே ஸ்பானர் பை. அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் தாளில் எழுதுவதை நிறுத்திவிட்டு எல்லாரும் ஷீட்டில் எழுத வேண்டும் என்றான், லிங்க் அனுப்பினான், இருபத்து மூன்று பேருக்கு ஒரே லிங்க். திறந்தால் மேலே கொட்டை எழுத்தில் உரிமையாளர்: தேவசகாயம். வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்கி நான் எழுதுவதற்கு அவன் உரிமையாளர்! ஒரு தடவை என் கட்டைவிரல் பட்டு நாற்பது வரி மொத்தமாக அழிந்துவிட்டது. இரண்டே நிமிஷத்தில் திருப்பி எடுத்துவிட்டான். எடுத்தவன் சும்மா இருக்கலாம் இல்லையா, குரூப்பில் போட்டான்: ‘எத்திராஜ் அண்ணாச்சி கை பட்டு அழிஞ்சிட்டு. எடுத்தாச்சு. யாரும் பயப்படாதிய.’ அதற்குக் கீழே பதினொரு பேர் சிரிக்கிற மூஞ்சி போட்டார்கள். யார் யார் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவேன். அப்புறம் நான்கு நாள் எனக்கு மட்டும் ‘பார்க்க மட்டும்’ என்று மாற்றி வைத்தான். பார்க்கலாம், தொடக் கூடாது. கோயிலில் வெளியே நிற்க வைத்ததைப் போல, என் பெயர், என் லிஃப்ட், என் கட்டம், விரலை வைத்தால் அசையாது. மேனேஜர் சாரங்கபாணி சாரிடம் போய் நின்ற பிறகுதான் திறந்துவிட்டான். ‘தப்பா எடுத்துக்காதிய அண்ணாச்சி, ஷீட்டுக்குப் பாதுகாப்பு’ என்றான். ஷீட்டுக்கு! யாரிடமிருந்து?

மணி பதினொன்று ஐந்து. பிரிண்டர் மேல் ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை இன்னும் எடுக்காமல் காய்ந்து கிடக்கிறது, கம்ப்யூட்டர் ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம் வெடித்து உதிர்கிறது. ஸ்பானருக்கும் வைத்தார்களா என்று தெரியவில்லை, அன்றைக்கு நான் வரவில்லை. வந்திருந்தால்? அதற்கு மறுநாள்தான் அது நடந்தது. வேண்டாம். தேவசகாயத்தையே நினைப்போம், அது எவ்வளவோ மேல். ஜூலை கடைசியில் அவன் வேலையை விட்டான், கண்ணில் சர்க்கரை இறங்கிவிட்டதாம், ஊருக்குப் போகிறேன் என்றான். பிரியாணி போட்டார்கள், நான் பெரம்பூரில் வேலை என்று போகவில்லை. அன்றைக்கு மத்தியானம் போனில் ஒரு மெயில் வந்தது. மெயில் எனக்கு வருவதே அபூர்வம். தேவசகாயம் இந்தக் கோப்பின் உரிமையை உங்களுக்கு மாற்ற விரும்புகிறார், ஏற்கிறீர்களா? கீழே இரண்டு பொத்தான், ஏற்கிறேன் என்று நீலத்தில் ஒன்று, மறுக்கிறேன் என்று வெள்ளையில் ஒன்று. எட்டாவதுதான் படித்தேன், இது புரியாத அளவுக்கு மூடன் இல்லை. நன்றாகப் புரிந்தது. ஆறு வருஷம் அவன் உரிமையாளராக உட்கார்ந்து அனுபவித்துவிட்டு, கிளம்பும்போது தின்ற இலையை என் பக்கம் தள்ளுகிறான் என்று புரிந்தது. மிஷின் ரூமில் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் நின்றுகொண்டு வெள்ளைப் பொத்தானை அழுத்தினேன். அழுத்தியபோது எவ்வளவு சுகமாக இருந்தது, பத்து வருஷத்தில் அப்படி ஒரு சுகம் இல்லை. அதோடு விட்டேனா? ஆகஸ்டில் மூன்று தடவை சாரங்கபாணி சாரிடம் போனேன். ‘ஆளே போயிட்டாரு, இன்னும் எல்லா ஃபைல் மேலயும் அவர் பேருதான் சார் நிக்குது, வெளியாளுக்கு நம்ம கணக்கு வழக்கு எதுக்கு சார்?’ மூன்றாம் தடவை அவர் எரிச்சலோடு போனை எடுத்து, அந்த அக்கவுண்ட்டைத் தூக்கிவிடுங்கப்பா என்று யாரிடமோ சொன்னார். அன்று மாலை லிங்க்கை அழுத்திப் பார்த்தேன். இல்லை என்று வந்தது. தேவசகாயம் இல்லை என்று வந்ததாகவே அதைப் படித்தேன். டீக்கடையில் ஒரு வடை கூடச் சாப்பிட்டேன். என் மூன்று வரியும் அந்த வீட்டுக்குள்தான் இருந்தன, வீட்டைக் கொளுத்தியவனுக்கு அது தோன்றவில்லை. நானா கொளுத்தினேன்? அவன் ஏன் அவன் பெயரில் வைத்தான்? கம்பெனி பெயரில் வைத்திருக்கலாம் அல்லவா? அவன் பெயரில் வைத்ததால்தானே. இல்லை, இல்லை, மறுக்கிறேன் என்று அழுத்தியது எவன் விரல்?

கையில் விசாரணை நோட்டீஸ் மடிந்து மடிந்து வியர்வையில் நைந்துவிட்டது. பாதிக்கப்பட்டவர் பெயர் தெய்வானை, வயது 46, நான்காம் தளத்தில் சமையல் வேலை. முகம் ஞாபகம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு தடவை மிஷின் ரூமிலிருந்து நான் இறங்கி வரும்போது, லிஃப்ட் நின்றுபோயிருந்ததால் படியேறி வந்துகொண்டிருந்தாள், கையில் கறிகாய்ப் பை, ‘இன்னா சார், எப்ப சரியாவும்? என் காலு என்னைத் திட்டுதே’ என்று சிரித்தாள். அவள்தானா, வேறு யாராவதா? நான்காம் தளத்தில் எத்தனை சமையல்காரி. கதவு திறந்தது, அவள் ஒரு காலை உள்ளே வைத்தாள், பெட்டி நிற்கவில்லை, கதவு திறந்தபடியே கீழே நழுவியது. பிரேக் தேய்ந்தால் அப்படித்தான். பிரேக் கட்டையில் ஒட்டிய லைனிங் வழவழப்பாகிவிட்டால் பிடிக்கிற மாதிரி பிடிக்கும், ஆள் ஏறினால் விட்டுவிடும். முதலில் தளத்துக்கு நாலு விரல் கீழே நிற்கும். அதைத்தான் மே மாதம் எழுதினேன், நாலு விரல் கீழே நிற்கிறது, லைனிங் மாற்ற வேண்டும். ஜூனில் எழுதினேன், மாற்றவில்லை, ஆறு விரல். ஜூலையில் எழுதினேன், லிஃப்ட்டை நிறுத்துவது நல்லது. ஒருவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டத்தின் மூலையில் மஞ்சளாக ஒரு சின்ன முக்கோணம் மட்டும் வந்து உட்கார்ந்தது, மூன்று மாதமும். அதைத் தொட்டால் ஏதோ திறக்கும் என்று தெரியும், தொடவில்லை. தேவசகாயம் பிழை திருத்தியிருப்பான், அல்லது இன்னொரு சிரிக்கிற மூஞ்சி. ஆகஸ்டில் ஷாகிரா புது ஷீட் போட்டாள், புது லிங்க். அதில் எழுத வேண்டியதில்லை, அழுத்தினால் போதும், சரி, சரியில்லை. சரியில்லை என்று அழுத்தினால் போட்டோ எடுத்துப் போடு, காரணம் எழுது, அப்போதுதான் உள்ளே போகும். ஆகஸ்ட் பத்தாம் தேதி பெரம்பூர் மிஷின் ரூமில் நின்றேன். லைனிங்கைத் தொட்டுப் பார்த்தேன், கண்ணாடி. சரி என்று அழுத்தினேன். செப்டம்பரிலும் அதையே அழுத்தினேன். இதை இதுவரை என் மனசுக்குள்கூட முழு வாக்கியமாகச் சொன்னதில்லை, துண்டு துண்டாகத்தான் வரும், வந்ததும் வேறு எதையாவது நினைப்பேன். இப்போது சொல்லிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை, ஏசி தண்ணீர் பக்கெட்டில் சொட்டுகிறது. ஏன் அழுத்தினேன்? போட்டோ எடுக்கச் சோம்பலா? இல்லை. மூன்று மாதம் கத்தியாயிற்று, நாலாவது மாதமும் கெஞ்சுவதா என்று இருந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. ஒரு நாள் அது மக்கர் பண்ணும், எல்லாரும் ஓடி வருவார்கள், யார் கவனிக்காமல் விட்டது என்று கேட்பார்கள், அப்போது பழைய ஷீட்டைத் திறந்து காட்டுவேன், பாருங்கள், மே மாதமே எத்திராஜ் எழுதியிருக்கிறான், தேவசகாயம் மூடி வைத்திருக்கிறான் என்று. அதற்காகக் காத்திருந்தேன். நிற்கும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக, இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோகும், யாராவது பத்து நிமிஷம் கத்துவார்கள், அவ்வளவுதான். அந்த ஷீட்டைக் காட்டப் போகிறேன் என்று காத்திருந்தவனே அந்த ஷீட்டை இல்லாமல் ஆக்கினான் என்றால் இவனை என்னவென்று சொல்வது?

மணி பதினொன்றரை. இனி ஒருவனிடம்தான் கேட்க முடியும். போனில் அவன் பெயரை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வியாசர்பாடி வரை நடந்து போகச் சொன்னாலும் போவேன், இந்தப் பச்சை வட்டத்தைத் தொட விரல் வரவில்லை. தொட்டால் என்ன சொல்லுவான், அதற்கு நான் என்ன சொல்லுவேன் என்று நாலு விதமாக ஓட்டிப் பார்த்தேன், நாலிலும் அவன் சிரித்தான். மாடிப்படியில் பேச்சுச் சத்தம் கேட்டது, கண்ணாடி போட்ட ஒரு அம்மா, பின்னால் ஃபைல் தூக்கிய ஒருவர், சாரங்கபாணி சார் குனிந்து வழிகாட்டிக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் அம்மா என்னைக் கடக்கும்போது மூச்சு வாங்கியபடி, ‘லிஃப்ட் கம்பெனிக்கே லிஃப்ட் இல்லையா சார்?’ என்று கேட்டார். சார் பல்லைக் காட்டினார். கதவு மூடியது. விரல் தானாகப் பட்டுவிட்டது. இரண்டாவது மணியிலேயே எடுத்தான். ‘அண்ணாச்சியா? இன்னைக்கு மழதான்! மூணு மாசமா நான்னு ஒருத்தன் உசுரோட இருக்கனா செத்தனான்னு கேக்க ஆளக் காணோம்.’ பின்னால் பஸ் ஹாரன், யாரோ சாத்தான்குளம் சாத்தான்குளம் என்று கூவினார்கள். ‘நல்லா கீறியா தேவா’ என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ‘கண்ணு ஒண்ணு போச்சு, ஒண்ணு இருக்கு. ஒங்களப் பாக்க அது போதும்.’ அவனே சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, ‘கேள்விப்பட்டேன் அண்ணாச்சி. அந்தப் பொம்பளைக்கு இப்ப எப்பிடி இருக்கு? நடக்காளா?’ என்று கேட்டான். இருபது நாளாக இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை, யாரும் என்னிடம் கேட்கவில்லை. ‘இருக்கா, இருக்கா’ என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்றுகூட எனக்குத் தெரியாது. அவன் அடுத்துக் கேட்பதற்குள், ‘அந்தப் பழைய ஷீட்டு’ என்று ஆரம்பித்தேன். ‘அதத்தான ஒங்க பேருக்கு எழுதி வச்சேன். வேண்டாம்னு அமுக்கிட்டிய.’ ‘தெரியாம கை பட்டுடுச்சு தேவா.’ ‘கை பட்டு நாப்பது வரி அழியும் அண்ணாச்சி. அது கை பட்டது இல்ல, தெரிஞ்சுதான் அமுக்குனிய. எனக்கு மெயில் வந்துச்சு, எத்திராஜ் மறுத்துவிட்டார்னு. சரி, மனுசன் கோவமா இருக்காருன்னு நான் என் சொந்த அக்கவுண்ட்ல ஒரு காப்பி எடுத்து வச்சிக்கிட்டேன்.’ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ‘வச்சிருக்கியா?’ ‘பின்ன? அதுல ஒங்க மூணு மாச எழுத்து இருக்கே. நானும் சாரங்கபாணி சாருக்கு மூணு மாசமும் அத மேல தள்ளிவிட்டேனே, அதுவும் அதுலதான் இருக்கு. இப்பவே லிங்க் அனுப்புதேன். பயப்படாதிய. இந்தத் தடவ பாக்க மட்டும்தான், அழிச்சிராதிய!’ பஸ் நிலையம் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தான். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

லிங்க் வந்தது. அழுத்தினேன், சுற்றிச் சுற்றி, திறந்தது. அதே ஷீட், அதே பச்சைத் தலைப்பு. விரலால் தள்ளித் தள்ளி என் பெயரைத் தேடிப் போனேன், தேர்வு முடிவில் நம்பர் தேடுகிறவனைப் போல. எத்திராஜ், பெரம்பூர், மே: தளத்துக்கு நாலு விரல் கீழே நிற்கிறது, லைனிங் மாற்ற வேண்டும். ஜூன். ஜூலை. மூன்று வரியும் முழுசாக இருந்தன, ஒரு எழுத்துக் குறையவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல். மூலையில் மஞ்சள் முக்கோணம். இப்போது தொட்டேன். ‘சாரங்கபாணி சார் கவனத்துக்கு. எத்திராஜ் அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும். உடனே மாத்தணும். தேவசகாயம்.’ ஜூன் முக்கோணம்: ‘இரண்டாம் தடவை எழுதியிருக்கார். அவர் காரணமில்லாம எழுத மாட்டார்.’ ஜூலை: ‘நான் போறதுக்குள்ள இத முடிச்சுக் குடுங்க சார்.’ மூன்று மாதம் என் கண்ணெதிரே இருந்தது. நான் எழுதியதை ஒருவனும் படிக்கவில்லை என்று நான் கறுவிக்கொண்டிருந்தபோது, படித்தவன் ஒருவன் என் எழுத்தின் மூலையிலேயே உட்கார்ந்திருந்தான். பத்து வருஷக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றேன், வீடு காலி செய்தவன் சாமானோடு தெருவில் நிற்பதைப் போல. அப்புறம் ஜூலைக்குக் கீழே பார்த்தேன். ஒன்றும் இல்லை, வெறும் கட்டம். ஆகஸ்ட் வேறு ஷீட்டில் இருக்கிறது. அதை ஷாகிரா காலையிலேயே பிரிண்ட் எடுத்து உள்ளே வைத்திருக்கிறாள். அப்போதுதான் புரிந்தது. இது இல்லாதவரை நான் கவனக்குறைவானவன், கண் தெரியாத கிழவன், ஏதோ பார்க்காமல் சரி என்று அழுத்திவிட்டான். இது வந்துவிட்டால் நான் பார்த்தவன். தெரிந்தவன். தெரிந்துகொண்டே அழுத்தியவன். இந்த ஷீட்டை யாருக்கும் காட்டக் கூடாது. நான் ஒன்றும் எழுதவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது, கண் மங்கல் என்று சொல்லிவிடலாம், வயசானவன் என்று விட்டுவிடுவார்கள், லைசென்ஸ்தான் போகும், போகட்டும். போன் அதிர்ந்தது. தேவசகாயம்: ‘சாருக்கும் லிங்க் அனுப்பிட்டேன் அண்ணாச்சி. ஷாகிராட்ட கேட்டு இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கும் அனுப்பியாச்சு. யார் வேணும்னாலும் பாக்கலாம். தைரியமா உள்ள போங்க.’ கடைசியில் கும்பிடுகிற கை. அவன் நினைத்தால் நிறுத்தலாம், பகிர்வதை நீக்கு என்று ஒரு பொத்தான் இருக்கிறது, என்னை அப்படித்தான் அன்றைக்கு நான்கு நாள் வெளியே நிறுத்தினான். கூப்பிட்டு, தேவா, அதை எடுத்துவிடு என்று சொன்னால் எடுத்துவிடுவான். ஏன் அண்ணாச்சி என்று ஒரு தடவை கேட்பான். அந்த ஒரு ‘ஏன்’ என்பதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். உன்னை மாட்டிவிடுவதற்காக இரண்டு மாதம் சரி என்று அழுத்தினேன் தேவா என்று அவனிடம் சொல்ல வேண்டும். பேரைத் தொட்டேன், மணி அடிப்பதற்குள் நிறுத்தினேன். மறுபடி தொட்டேன், நிறுத்தினேன். பதினொன்று ஐம்பத்தெட்டு. மறுபடி.

ஷாகிரா கதவைத் திறந்து, ‘அங்கிள், வாங்க’ என்றாள். முகம் மலர்ந்திருந்தது. ‘தேவசகாயம் சார் அனுப்பிட்டாரு, பாத்தீங்களா? தப்பிச்சீங்க அங்கிள்’ என்று காதருகே சொன்னாள். உள்ளே சுவரில் பெரிய டிவி, டிவியில் என் மூன்று வரி, அவ்வளவு பெரிதாக நான் எழுதியதை நான் பார்த்ததே இல்லை. சாரங்கபாணி சார் என்னைப் பார்க்கவில்லை, மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார், மஞ்சள் முக்கோணம் அவருக்கும் திறந்திருக்கும். இன்ஸ்பெக்டர் அம்மா உட்காரச் சொன்னார். குரலில் கடுமை இல்லை, ரொம்ப நேரம் படியேறி வந்தவரின் சோர்வுதான் இருந்தது. ‘மே, ஜூன், ஜூலை, இது மூணும் நீங்க எழுதினதுதானே?’ ‘ஆமாம்மா.’ ‘நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. உங்க ஆபீஸ் ஏன் மாத்தலைன்னு அவங்ககிட்ட நான் தனியா கேக்கறேன்.’ ஷாகிரா எடுத்த பிரிண்டை என் பக்கம் திருப்பி, பேனா முனையால் ஒரு கட்டத்தைத் தொட்டார். ‘ஆகஸ்ட்ல சரின்னு இருக்கு. செப்டம்பர்லயும். நடுவுல லைனிங் மாத்தினீங்களா?’ ‘இல்லம்மா.’ ‘வேற யாராவது மாத்தினாங்களா?’ ‘இல்ல.’ ‘அப்ப எப்படி சரியாச்சு?’ கண் மங்கல் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். சுவரில் நாலு விரல், ஆறு விரல் என்று இருந்தது, விரல் கணக்கு எழுதிய கண் எப்படி மங்கும்? ‘தேவசகாயம்’ என்று வந்தது. அதைச் சொல்லப் போவதாக நான் நினைக்கவே இல்லை, பத்து வருஷமாக எது கெட்டாலும் முதலில் அந்தப் பெயர்தான் வரும், வந்துவிட்டது. சாரங்கபாணி சார் உடனே தலையைத் தூக்கி, ‘அவர் ஜூலைலயே போயிட்டாரே மேடம்’ என்றார். அம்மா பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். ‘சரியாவல’ என்றேன். ‘சரியாவலன்னு தெரியும். தெரிஞ்சுதான் அமுக்குனேன்.’ ஷாகிரா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ‘ஏன்?’ ‘கோவத்துல.’ அம்மா எழுதவில்லை. இப்படி ஒரு பதிலை எழுதுவதற்கு அவர் படிவத்தில் இடம் இல்லையோ என்னவோ. கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். ‘யார் மேல கோவம்?’ அந்த நாசரேத்துக்காரன் மேல் என்று சொல்லலாம், ஆனால் அது காலை பதினொன்றரை மணி வரைதான் உண்மை. இதோ உட்கார்ந்திருக்கிறாரே இவர் மேல், சிரிக்கிற மூஞ்சி போட்ட பதினொரு பேர் மேல், எட்டாவதோடு என்னை நிறுத்தியவர்கள் மேல், ஒவ்வொரு பெயராக எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் அந்தக் கட்டத்துக்குள் உட்காரவில்லை. அம்மா மறுபடியும் கேட்டார், இன்னும் மெதுவாக. ‘சொல்லுங்க. யார் மேல?’

‘அந்தத் தெய்வானைம்மா மேல இல்லம்மா’ என்றேன்.